பிங்க் பந்தும் என் வயிற்றுப் பட்டனும்

மே 3, ஞாயிறு

விடியற்காலை மழை. ஏழு மணிக்கே புழுக்கம். அவமானத்தை முதலில் எழுதித் தொலைக்கிறேன்.

நேற்று அரையிறுதி. தூரத்துச் சிவப்புப் பந்தை அடிக்க மேசைமேல் கவிழ்ந்தபோது என் கையில்லாத கறுப்புக் கோட்டின் வயிற்றுப் பட்டன் தெறித்துப் பறந்து, போய் பிங்க் பந்தின்மேல் விழுந்தது. ஸ்னூக்கரில் ஆட்டக்காரன் உடம்பிலிருந்து எது பந்தைத் தொட்டாலும் தப்பாட்டம். நடுவர் லிம் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ஃபவுல். ஆறு." வெள்ளைக் கையுறையால் பட்டனைத் துடைத்து, பிரசாதம் மாதிரி என் உள்ளங்கையில் வைத்தார்.

ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தேன். அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எங்கள் ஊர் கூலிம் முழுக்க வாட்ஸ்அப்பில் பட்டன்தான். இருபது வருஷமாக இந்தக் குச்சியால் பிழைப்பவன், இங்கிலாந்துக் குளிரில் இரண்டு சீசன் நடுங்கி ஆடியவன், இன்றைக்கு 'பட்டன் மணியம்'.

பதினைந்தாம் தேதி சுங்கைப் பட்டாணியில் இறுதி ஆட்டம். ஜெயிப்பவனுக்கு மட்டும் பேங்காக் தகுதிச் சுற்று. அங்கே தேறினால் மறுபடியும் உலகச் சுற்றில் இடம். அடுத்த வருஷத்திலிருந்து இளசுகளைத்தான் அனுப்புவோம் என்று ஸ்னூக்கர் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். எனக்கு நாற்பத்தெட்டு. இதை விட்டால் வேறு பஸ் இல்லை.

எதிராளி குமரேசன். என்னோடு படித்தவன், இதே கூலிம், சொந்த கிளப். வயிற்றில் என்னைவிட ஒரு சுற்று பெரியவன். சங்கம் இருவருக்கும் ஒரே துணியில், ஒரே சின்னத்தோடு கோட்டு தைத்துக் கொடுத்தது. அளவு எடுத்த காலத்தில் நான் ஒல்லி. அவன் அப்போதே புத்திசாலி, குண்டாகவே போய் அளவு கொடுத்தான்.

மே 5, செவ்வாய்

வீட்டுக்காரி சரோஜா ஹைடெக் பார்க் ஃபேக்டரியில் நைட் ஷிப்டு முடித்து வந்த கையோடு பட்டனைத் தைத்துக் கொடுத்தாள். கறுப்பு நூல் தீர்ந்துபோயிருந்தது. சிவப்பு நூல்.

"நல்லாத் தெரியுதே சரோ."

"எல்லாரும் பந்தத்தான் பாப்பாங்க. போன வாட்டி பட்டன் பந்துகிட்டயே போனதாலதான் பாத்தாங்க."

பிறகு தீர்ப்பு: இளைக்க வேண்டும். பத்து நாளில். யோசித்தேன். டயட் என்றால் ஊர் சிரிக்கும், விரதம் என்றால் ஊர் கும்பிடும். பாடாங் மேஹா தோட்டத்து அம்மன் கோயில் திருவிழா இந்த மாதக் கடைசியில். ஆக, இன்று முதல் விரதம். கோழி, நண்டு, மீ கோரிங் எல்லாம் கட். அம்மனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவள் வாட்ஸ்அப்பில் இல்லை.

கோட்டை டோபி கடையில் போட்டேன். குச்சி நுனிக்குப் பூசும் சாக்பீஸ் தூள், தே தாரிக் டீக் கறை. கடைக்கார முத்து அண்ணன் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பட்டன் நல்லா தச்சிருக்கா லா? என் மெசின் கண்ணாடி புதுசு தம்பி."

செய்ய வேண்டியவை: குச்சி நுனித் தோல் மாற்ற. புறாத் தீனி. விளக்கெண்ணெய், கோயிலுக்கு. பட்டன் வீடியோவை எனக்கே அனுப்பிய மச்சானை பிளாக் செய்ய.

மே 9, சனி

வெயில். பயிற்சி காலையில் மட்டும். கை நன்றாக வருகிறது. வயிறு பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

விரதத்தில் எனக்குத் தெரியாத ஒரு சங்கதி: விரதக்காரனுக்குக் கோயிலில் முதல் இலை. சாயங்காலம் போனால் சர்க்கரைப் பொங்கல், கேசரி, உளுந்து வடை. வேண்டாம் என்றால் சமைத்த அக்காமார் முகம் வாடுகிறது. "பாவம், பசியோட இருக்கு தம்பி, இன்னும் ரெண்டு வடை வை லா." பக்தனுக்குப் பிடிவாதம் கூடாது. பாயசம் இரண்டு தரம்.

கோயில் தலைவர் என் தோளைத் தட்டி, "மணியம் திருந்திட்டான்" என்றார். எதிலிருந்து என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த பட்டியல் நீளமாக இருக்கலாம்.

மேசைக்கு வெளியே என் ஒரே பைத்தியம் மெர்போக் புறா. யான் என்கிற ஊரில் ஒரு பாக்சிக்கிடம், மலாய்ப் பெரியவரிடம், வாங்கியது. பாட்டுப் போட்டிக்கு நிறுத்தலாம் என்று அவர் சத்தியம் செய்தார். பெயர் செஞ்சுரி. இதுவரை வாய் திறக்கவில்லை. சரோஜா சொல்கிறாள், வீட்டில் ஒருத்தர் பேசுவது போதும் என்று அதற்கும் தெரியுமாம்.

குமரேசனைச் சாப்பாட்டுக் கடையில் பார்த்தேன். அவன் முன்னால் ஒரு முழுக் கோழி.

"விரதமாம்ல பங்காளி? எனக்கும் சேத்து வேண்டிக்க."

"வேண்டிக்கிட்டேன். நீ தோக்கணும்னு."

"வேண்டுதல்ல பட்டனையும் சேத்துக்க."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். கோழி வாசனை காருக்குள்ளும் வந்தது.

மே 14, வியாழன்

நுனித் தோல் மாற்றியாயிற்று. மதியம் இடி, மழை. டோபி கடையில் கூட்டம். கரண்ட் வேறு போய்விட்டது. முத்து அண்ணன் ஒரு கையில் டார்ச் லைட், மறு கையில் சலவைத் துணி உறைகள். குமரேசனின் மச்சானும் அங்கே நின்றான், காரை நடுரோட்டில் விட்டுவிட்டு வந்த அவசரத்தில். எனக்கு ஓர் உறை, அவனுக்கு ஓர் உறை, இருவரும் மழையில் ஓட்டம்.

வீட்டில் இன்னும் இருட்டு. தடவித் தடவிக் கோட்டைப் போட்டுப் பார்த்தேன்.

போட்டதும் நம்ப முடியவில்லை. பட்டன் எல்லாம் வெண்ணெய் மாதிரி மாட்டியது. வயிற்றுக்கும் துணிக்கும் நடுவே நாலு விரல் போகிறது. மூச்சு விட்டேன், குனிந்தேன், உட்கார்ந்து எழுந்தேன். எதுவும் தெறிக்கவில்லை.

"பாத்தியா சரோ? விரதம்."

அவள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மூஞ்சி இளைக்கலையே."

"முதல்ல வயிறுதான் இளைக்கும்." எந்த டாக்டர் சொன்னார் என்று தெரியாது. ஆனால் அழுத்தமாகச் சொன்னேன்.

அம்மனுக்கு மனதார நன்றி. பொய்யாக ஆரம்பித்த விரதம்தான். இனி நிஜமாகவே இருப்பதாக முடிவு.

மே 15, வெள்ளி

ஜெயித்துவிட்டேன். எழுத்து கோழி கிறுக்கினது மாதிரி வருகிறது.

கடைசி ஃபிரேம், மேசையில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம். போடுகிறவனுக்கு பேங்காக். முதல் வாய்ப்பு குமரேசனுக்கு. நன்றாகச் சாய்ந்து எட்டினால் போகிற பந்து. அவன் வழக்கமாகத் தூக்கத்திலும் போடுவான். இன்று பாதி குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான், பெருமூச்சு விட்டு, எட்டாத பந்துக்குக் குச்சியைத் தாங்கும் ரெஸ்ட்டுக் கட்டையைக் கேட்டு வாங்கினான். ரெஸ்ட்டில் அவனுக்கு எப்போதும் கை வராது. தவறினான். ஆட்டம் முழுக்கவே அப்படித்தான், கல்யாண போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக. என்னைக் கண்டு பயம் என்று புரிந்துகொண்டேன்.

நான் போனேன். மேசைமேல் படுத்தே விட்டேன். லிம்மின் கண் பந்தில் இல்லை, என் வயிற்றில். பட்டன் அசையவில்லை. கறுப்பு உள்ளே.

சரோஜா விசில் அடித்தாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு விசில் வரும் என்று எனக்குத் தெரியாது. குமரேசன் கட்டிப் பிடித்தான். "நல்லா ஆடுன பங்காளி. எனக்குத்தான் இன்னிக்கு மூச்சே முட்டுச்சு. ரொம்ப ஊதிட்டேன் போல."

"விரதம் இருந்து பாரேன்" என்றேன், பெரிய மனசோடு.

"இருக்கேன் லா, இருக்கேன்."

மே 16, சனி

இளவெயில். செஞ்சுரி பாடியது. நிஜமாகவே. சரோஜா ஷிப்டு முடிந்து வந்து செருப்பைக் கழற்றியதும் ஆரம்பித்துக் குக்குக்கென்று நிறுத்தாமல் பாட்டு. இரண்டு பேரும் கூண்டுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து பசியாறினோம். பேங்காக்கில் என்ன சாப்பிடுவது என்று அவள் இப்போதே கவலைப்படுகிறாள். விரதம் தொடரும் என்றேன். ஊரெல்லாம் சொல்லியாயிற்று, கோயில் தலைவர் என்னை உதாரணம் காட்டிப் பேசப் போகிறாராம்.

லிம் நேற்றைய போட்டோவை குரூப்பில் போட்டிருக்கிறார். நானும் குமரேசனும் தோளில் கைபோட்டு. பெரிதாக்கிப் பார்த்தேன், என் வயிற்றைக் கொஞ்சம் ரசிக்கலாமே என்று. என் பட்டன் எல்லாவற்றிலும் கறுப்பு நூல்.

குமரேசன் வயிற்றில், மூச்சை இழுத்துப் பிடித்து நிற்கும் அந்தப் பெரிய வயிற்றின் நடுப் பட்டனில், சிவப்பு நூல்.