கரண்டிக்கு ஏன் ஓட்டு விழவில்லை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். எனக்கு முழங்கால், அம்மாவுக்கு நான், இந்த இரண்டு தொந்தரவைத் தவிர வேறு குறையில்லை. நீயும் சுகம் என்று எழுதியிருந்தாய், அதை நாங்கள் இரண்டு பேருமே நம்பவில்லை. இரண்டு பக்கம் முழுக்க மழையையும் புதிதாக வாங்கிய நாற்காலியையும் பற்றி எழுதிவிட்டு, கடைசியில் பொடி எழுத்தில் விஷயத்தைச் சொருகியிருக்கிறாய். அலுவலகத்தில் சாவி தொலைந்த பழியை மேலாளர் துப்புரவு வேலை பார்க்கும் ஓர் அம்மாவின் தலையில் கட்டினாராம், அந்த அம்மா அன்றைக்கு வேலைக்கே வரவில்லை என்று நீ எழுந்து சொன்னாயாம், அவர் வேலை தப்பியதாம், ஆனால் மேலாளருக்குப் பயந்து அன்றிலிருந்து உன்னோடு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார ஆளில்லையாம். அடுத்தவருக்காகப் பேசப் போய் நான்தான் முட்டாள் ஆனேன், இனிமேல் நானுண்டு என் வேலையுண்டு என்று முடித்திருக்கிறாய். அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் எழுத்து கோணல்மாணலாகப் போனது, கிழித்துப் போட்டுவிட்டேன். அதற்குள் என் வகுப்பில் ஒரு கூத்து நடந்துவிட்டது. அதைச் சொல்கிறேன், எப்போதும்போல் நடுவில் தாவாமல் படி.

முதல் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனதும், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்த என்னைப் பிடித்து அங்கே உட்காரவைத்துவிட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா. மொத்தம் இருபத்துநான்கு வாண்டுகள். பெயரை வாசிக்கத் தெரியாததால் பை மாட்டும் கொக்கிக்கு மேல் ஆளுக்கொரு படம் ஒட்டியிருக்கிறது. குடை, வாளி, கரண்டி, சைக்கிள். அவர்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதும் அப்படித்தான், இப்போது எனக்கும் அதுவே வருகிறது. நல்ல குடிமக்களாக வளர்ப்பதற்கென்று வாரத்தில் ஒரு பாடவேளை உண்டு. குப்பையைத் தொட்டியில் போடு, வரிசையில் நில் என்று படம் காட்டிக் காட்டிச் சொன்னேன், இருபத்துநான்கு கொட்டாவிதான் மிச்சம். சொல்லி ஆகாது, செய்து பார்க்கட்டும் என்று வகுப்புத் தலைவருக்குத் தேர்தல் வைத்தேன். எல்லாப் படமும் உள்ள தாளில் பிடித்தவர் படத்தின் மேல் ஒரு கோடு, மடித்து பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும், யாருக்கும் காட்டக் கூடாது. அடடா, என்ன ரகசியம், என்ன கம்பீரம்! எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒவ்வொரு ஓட்டு. தங்களுக்கே கோடு போட்டிருக்கிறார்கள்! சிரிப்பை அடக்கிக்கொண்டு பலகையில் எழுதினேன். குடைக்கு மட்டும் இரண்டு, அவன்தான் தலைவன். கரண்டிக்கு ஒன்றுமே இல்லை. முப்பது வருஷப் பழக்கம், கை தானாக அவள் படத்துக்கு நேராகப் பெரிய வட்டமாக ஒரு சைபர் போட்டது. கரண்டிக்கு முட்டை, கரண்டிக்கு முட்டை என்று வகுப்பே கூரை பிய்யக் கத்தியது. வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத பெண் அவள். பையை மாட்டிக்கொண்டு, மணி அடிக்கும்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் அவள் அப்பா வந்து நின்றார், பஸ் ஓட்டுகிறவர். என்ன சார் பண்ணுனீங்க, பள்ளிக்கூடமே வேணாம்னு கட்டில் அடியில போய் உக்காந்துக்கிறா, என்னை யாருக்கும் புடிக்கலன்னு அழறா என்றார். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, அஞ்சு வயசுப் பிள்ளைங்களுக்கு எதுக்கு சார் தேர்தலெல்லாம், குப்பைத்தொட்டியோட நிறுத்திக்கோங்க என்றார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் கொட்டினேன். அம்மா உன் பழைய போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். கேட்டுவிட்டுத் தலையைக்கூட நிமிர்த்தாமல், ஏங்க, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே விழலன்னா அவ தனக்குப் போட்டுக்கலன்னுதானே அர்த்தம், அவ ஓட்டு எங்க போச்சு, அதை யோசிச்சீங்களா என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன் பாப்பா. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது எட்டவில்லை. இதை உன்னிடம் சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லாதே, ஏற்கெனவே தாங்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே கரண்டியின் வீட்டுக்குப் போனேன். கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன், முழங்கால் கடகடவென்றது, அந்தச் சத்தத்துக்கு எட்டிப் பார்த்தாள். யாருக்குப் போட்டேன்னு சொல்ல வேண்டாம் கண்ணு, அது உன் ரகசியம் என்று தொடங்குவதற்குள் அவளே, குடைக்குத்தான் சார், அவன்தான் எல்லாரும் உள்ள போற வரைக்கும் கதவப் புடிச்சுக்குவான், யார் விரலும் நசுங்காது என்று முணுமுணுத்தாள். எங்கள் வகுப்புக்கு இரும்புக் கதவு, விட்டால் படாரென்று அடிக்கும். அவன் தினமும் கடைசியாக வருகிறான் என்று தினமும் அவனைத் திட்டியது யார் தெரியுமா? உன் அப்பாதான். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. உனக்கு முட்டை விழுந்தது உன்னை யாருக்கும் பிடிக்காததால் இல்லை, எல்லாரும் தங்கள் ஓட்டைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள், நீ ஒருத்திதான் கொடுத்தாய், அது தெரியாமல் பலகையில் எழுதியது சாருடைய தப்பு, மன்னித்துக்கொள் என்றேன். கட்டிலுக்கு அடியிலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, அவன்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும் சார் என்றாள். உத்தரவு! மறுநாள் காலையில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற குடையிடம் எல்லார் முன்னாலும் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை, பரவால்ல சார், நீங்க மொதல்ல உள்ள போங்க என்றான். எனக்குப் பின்னால் கரண்டி வந்தாள். தலைமையாசிரியையிடம் அடுத்த மாதமும் தேர்தல் உண்டு, பலகையில் எண்ணிக்கை எழுத மாட்டேன், அவ்வளவுதான் மாற்றம் என்று சொல்லிவிட்டேன். முறைத்தார், முறைக்கட்டும்.

இப்போது உன் விஷயம். நீ வாங்கியிருப்பதும் முட்டைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பார்த்து நீ முட்டாள் என்று ஒரு கணக்கு வாத்தியார் மகள் முடிவு கட்டலாமா? உன் ஓட்டை நீ அந்த அம்மாவுக்குக் கொடுத்தாய், அதனால் உன் கணக்கில் இல்லை. எனக்கு உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது, நேரில் சொன்னால் கிண்டல் செய்வாய் என்று எழுத்தில் எழுதுகிறேன்.

அம்மா ஓரம் அடித்த போர்வை இந்த வாரம் வந்து சேரும். நல்லபடியாக இரு, தலை நிமிர்ந்து இரு, எங்கள் ஆசி எப்போதும் உன்னோடு இருக்கும். ஒன்றே ஒன்று மறக்காமல் எழுது. நீ தனியாகச் சாப்பிடுகிறாய் என்று எழுதியிருந்தாய். அந்த அம்மா யாரோடு சாப்பிடுகிறார் என்று எழுதவில்லையே. நாளைக்கு உன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பார்.

இப்படிக்கு,
சைபர் போட்டு மாட்டிக்கொண்ட
உன் அப்பா