டிலே வேறு, போஸ்ட்போன் வேறு

நண்பா,

நாம் குண்டெறிந்து ஆடும் பெத்தாங்க் ஆட்டத்துக்கான உன் பையை நேற்று உன் மனைவி என்னிடம் கொடுத்தார். இரும்புக் குண்டுகள் மூன்றும் இருந்தன. அடியில், துண்டுக்குள், கதிர்காமம் ஆஸ்பத்திரி ஸ்கேன் சீட்டு நான்காக மடிந்து கிடந்தது. பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. செத்தவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு வருகிறது, என்ன செய்ய?

முதலியார்பேட்டைப் பள்ளியில் நீ பிரெஞ்சும் நான் ஆங்கிலமும் நடத்திய காலத்திலிருந்தே இந்த இரண்டு சொல்லை வைத்து என் உயிரை வாங்கினாய். டீக்கடையில் அரட்டை அடித்துவிட்டு அரை மணி லேட்டாக வந்து, "டிலே ஆயிடுச்சுடா" என்பாய். மழையில் பஸ் நின்றுபோனால் அது டிலே. பெரும்பாலும் தானாக வந்து சேர்வது. போஸ்ட்போனுக்கு ஓர் ஆள் வேண்டும். குறித்த நாளைத் தூக்கி வேறு நாளில் வைக்கிற ஆள். "நீ பண்றது போஸ்ட்போன்டா" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! "ரெண்டும் லேட்டுதான, உட்றா" என்று சிரிப்பாய்.

ஸ்கேனையும் அப்படித்தான் தள்ளினாய். பாரீஸிலிருந்து பேரன் வந்தான் என்று ஒரு தடவை, மழை என்று ஒரு தடவை. கடைசியில் போனபோது, "இவ்ளோ நாளா எங்க இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். கட்டிலில் படுத்தபடி, என்னைப் பார்க்காமல், "டிலே ஆயிடுச்சு டாக்டர்" என்றாய். அங்கேயும் உன்னைத் திருத்த வாயெடுத்தேன். மூன்று மாதத்தில் போய்விட்டாய்.

நேற்று சீட்டை விரித்தேன். உன் கிறுக்கலில் இரண்டு தேதிகள் அடிக்கப்பட்டிருந்தன. மூன்றாவதும் அடித்து, பக்கத்தில் புதுத் தேதி. அது என் கையெழுத்து.

அந்த வாரம் நமக்கு ஜோடிப் போட்டி. நீ இல்லாவிட்டால் நான் ஆட முடியாது. "ஆடிட்டுப் போலாம்டா, ஒரு மாசத்துல என்ன ஆயிடப் போவுது" என்று உன்னிடம் சொல்லி, நானே கவுண்டரில் கேட்டுத் தேதியை மாற்றி எழுதினேன். சுத்தமாக மறந்துபோயிருந்தேன். நீ மறக்கவில்லை. ஒரு நாளும் சொல்லிக்காட்டவும் இல்லை.

உன் குண்டுகளோடு இன்று மைதானத்துக்கு வந்திருக்கிறேன். சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. வித்தியாசம் தெரியாதவன் என்று முப்பது வருஷம் உன்னைத் திட்டினேனே, படுபாவி. டாக்டர் முன்னால் நான் நின்றிருந்தபோது, எந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று உனக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.