ஆளில்லாத மாடிக்கு ஓர் ஆள்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாரும் நலம். கிளைக் கல்லூரியில் உனக்குப் பாடங்களுக்கு நடுவே என் கிறுக்கலைப் படிக்க நேரம் கிடைக்கிறதா?

தலைமை வளாகம் அமர்க்களப்படுகிறது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் சேர நம் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்க வெளிநாட்டுக் குழு வருகிறதாம். அங்கிருந்து வரும் பிள்ளைகள் தங்க இடம் இருக்க வேண்டுமாம். இங்கிருந்து போகிறவர்கள் அங்கே வாங்கும் மதிப்பெண்ணை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டுமாம். தகுதி கிடைத்தால்தானே நீ போக முடியும்?

நான் பெருக்கும் விடுதியில், ஆளில்லாத மூன்றாம் மாடிக்கு வெள்ளையடித்துக் கட்டில்கள் போட்டிருக்கிறார்கள். குளியலறையில் புதுக் குழாய்கள். திருகினால் கையோடு வருகின்றன, பின்னால் பைப்பே இல்லை! சிரிப்பை அடக்க முடியவில்லை.

வார்டன் என்னைக் கூப்பிட்டு, "அன்னிக்கு நீ துடைப்பத்தைத் தொடாதே. நல்ல துணியாப் போட்டுக்கிட்டு ஒரு புத்தகத்தோட ரூம்ல உட்காரு" என்றார். எட்டாவதோடு நின்றவள் கல்லூரி மாணவி! உன் நீலச் சட்டையைப் போட்டுக்கொள்ளட்டுமா?

உன் தங்கை

ஜூன் 9

என் ஊமைக்கோட்டானே,

தாராளமாகப் போட்டுக்கொள். ஏதாவது கேட்டால் எழுந்து நின்று பதில் சொல். வழக்கம்போல் தரையைப் பார்த்து மானத்தை வாங்காதே. இத்தனை பேரில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அந்தக் குழு தலையாட்டினால்தான் எனக்கு வழி. போய்வந்ததும் உன்னை மறுபடி படிக்க வைப்பேன், சத்தியம்.

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்கா,

நான் பேசிவிட்டேன்! குழுவில் வந்த அம்மா கட்டிலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். கூட வந்தவர் அவர் பேச்சை மொழிபெயர்த்தார்.

"இந்த ரூம்ல நல்லாத் தூக்கம் வருதாம்மா?"

எழுந்து நின்று சொன்னேன்: "நான் இங்க தூங்குறதில்லைங்க. வேலை முடிஞ்சதும் வீட்டுக்குப் போயிடுவேன்."

"அப்ப இங்க யாரு தங்குறாங்க?"

"இன்னும் யாரும் வரலைங்க. குழாயில தண்ணி வந்தா வருவாங்க."

நாக்குக் குழறவே இல்லை, அக்கா. அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வார்டன்தான் ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உன் தங்கை

ஜூலை 15

தங்கைக்கு,

தகுதி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். பொய் காட்டியதால் பல வருடங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் முடியாது. யாரோ ஒரு பெருக்குகிற பெண் உளறிவிட்டாள் என்று இங்கே எல்லாரும் பேசுகிறார்கள். அவள் யார் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தங்கை உண்டு என்றே இனி யாரிடமும் சொல்லப்போவதில்லை. எழுதாதே.

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்கா,

இது ஒன்று மட்டும். வேலையிலிருந்து என்னை நிறுத்திவிட்டார்கள். அதற்காக எழுதவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று வார்டன் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை எழுதியிருந்தால் சொல்லியிருப்பேனே, அக்கா. உனக்காக என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.

அம்மா தினமும், "உங்க அக்கா எப்போடி கிளம்புறா? ஏன் கடுதாசியே காணோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று, நீ கிளம்பிவிட்டாய் என்று சொல்லிவிட்டேன். அங்கே உன் அறையில் பெரிய ஜன்னல் இருக்கிறதாம், வெந்நீர் வருகிறதாம், படிப்பு அதிகம் என்பதால் எழுத முடியவில்லையாம்.

அம்மா நம்பிவிட்டாள்.

உன் தங்கை