பிளக்ஸில் உன் படம்

புது பிளக்ஸின் வாடை வீட்டை விட்டு இன்னும் போகவில்லை, பாப்பா. ஜன்னலைத் திறந்து வைத்தேன், சாம்பிராணி போட்டேன். தையல் மெஷினில் உட்கார்ந்தால் தைக்கிற துணியிலும் அதே வாடைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியரும், உன்னோடு வேலை பார்த்த அறிவியல் டீச்சரும் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து திருப்பரங்குன்றத்துக்குக் கார் பிடித்து வந்தார்கள். சுருட்டிக் கொண்டுவந்த பிளக்ஸை நம் வீட்டுத் தரையில் விரித்தார்கள். பத்தாம் வகுப்பு கணக்குப் பாடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று கொட்டை எழுத்து. அதற்கு மேலே உன் படம். நம் வீடுதான் தெரியுமே, விரித்ததும் நிற்க இடமில்லை. உன் முகத்தை மிதித்துவிடக் கூடாதென்று சுவரோடு ஒட்டி நின்றேன்.

"வர்ற வெள்ளிக்கிழமை விழாம்மா. நீங்க மேடையில உக்காரணும். எல்லாம் உங்க மக போட்ட அஸ்திவாரம்" என்றார் தலைமையாசிரியர்.

எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போனது. பொய் சொல்ல மாட்டேன். பெத்தவளுக்கு வேறென்ன வேண்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

புதுப் பாடப் புத்தகம் வந்த வருடம் ஞாபகம் இருக்கிறதா உனக்கு? முதல் நாளே அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "புத்தகத்த உசத்திட்டாங்கம்மா. கேள்வியையும் உசத்திட்டாங்க. புள்ளைகள யாரு உசத்துறது?" என்றாய். பின்னத்தைக் கூட்டத் தெரியாமலே பத்தாம் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள் என்று சொன்னாய். எனக்கு அதெல்லாம் என்ன விளங்கும்? அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான்.

அதுதான் உனக்கு வசதியாகப் போனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மெஷினுக்குப் பக்கத்தில் வந்து சம்மணம் போட்டுவிடுவாய்.

"மெஷினை நிறுத்தும்மா."

"போடி, நாளைக்கு நைட்டி குடுக்கணும்."

"இதைப் பாத்துட்டுத் தை. ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்."

"ஏதோ மந்திரம் மாதிரி சொல்ற."

பழைய காலண்டர் அட்டையை வெட்டி நான்கு துண்டு வைத்திருப்பாய். ஒரு பெரிய சதுரம், ஒரு சின்னச் சதுரம், ஒரே மாதிரி நீளமாக இரண்டு துண்டு. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சதுரமாக வை என்பாய். நான் இரண்டு சதுரத்தையும் மூலைக்கு மூலை வைத்துவிட்டு முழிப்பேன்.

"ரெண்டு எடம் பொக்குன்னு கெடக்கேடி."

"அதுக்குத்தாம்மா இந்த ரெண்டு நீளத் துண்டு. என் புள்ளைக பாதிப் பேரு இதை விட்டுட்டுத்தான் எழுதுதுக. மனப்பாடம் பண்ணுனா அப்படித்தான் விட்டுப்போகும். கையால வச்சுப் பாத்தா விடாதுல்ல?"

"சரி, இது எதுக்கு ஆகும்? எனக்கு இன்னும் புரியல."

நீ கோபப்படவே மாட்டாய், சிரிப்பாய். "புரியலைன்னு வாயைத் தொறந்து சொல்ல என் வகுப்புல ஒரு ஆளு இல்லம்மா. எல்லாம் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டுதுக. நீ சொல்லு, எந்த எடத்துல புரியல?" நான் முட்டி நின்ற இடத்தைத் திங்கட்கிழமை வகுப்பில் வேறு மாதிரி சொல்லிக் கொடுப்பாய்.

அப்புறம் ஒருநாள் மதுரையில் ஏதோ ஆய்வுக் கூட்டம் என்று போனாய். திரும்பி வரும்போது கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. தேர்ச்சி குறைந்த பள்ளிக்கூடத்து டீச்சர்களை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பின்னத்தைப் பத்தாம் வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தால் எப்படிப் பாஸ் ஆவார்கள் என்று கேட்டாராம் கூட்டம் நடத்திய அதிகாரி. வரைபடமும் வடிவியலும் மட்டும் திரும்பத் திரும்பப் போட வைத்தால் போதும், பாஸ் மார்க் வந்துவிடும் என்றாராம்.

"அப்படியே செஞ்சுட்டுப் போயேன். எதுக்கு இம்புட்டு வம்பு?" என்றேன்.

"பாஸ் ஆயிரும்மா. அதுக்கு மேல என்ன படிக்கும் அந்தப் புள்ளைக?" என்றாய். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

பிறகுதான் உன் வகுப்பில் கணக்கு வராத அந்த மூன்று பிள்ளைகள் கதை. எத்தனை நடத்தினாலும் பாஸ் ஆக மாட்டார்கள், அரசுத் தேர்வுக்கு அவர்கள் பெயரை அனுப்ப வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்ல, நீ முடியாது என்றிருக்கிறாய். "இப்பத்தாம்மா மூணு பேரும் பின்னத்தைக் கூட்டுறாங்க. ஃபெயில் ஆனாலும் ஆகட்டும், எழுதட்டும்" என்றாய். மூன்றும் பெண் பிள்ளைகள். அவர்களுக்காகக் காலையில் ஒரு மணி நேரம் முன்னாடியே போனாய். விடியுமுன் பெரியார் நிலையத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து மாட்டுத்தாவணி, அப்புறம் கொட்டாம்பட்டி. உனக்குக் காய்ச்சல் வந்த பிறகும் அப்படித்தான் போனாய். ஆஸ்பத்திரிக்கு வாடி என்றால், "அரையாண்டு முடியட்டும்மா." அரையாண்டு முடியுமுன் நீ முடிந்துவிட்டாய். டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொல்லும்போது உனக்கு நினைவே இல்லை.

உன்னைத் தூக்கிய அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விடவில்லை. அன்றைக்கு அரையாண்டுக் கணக்குப் பரீட்சையாம். நீ மயானத்துக்குப் போன நேரத்தில் உன் பிள்ளைகள் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் நினைவு வந்துதான் தலைமையாசிரியரிடம் கேட்டேன். "அந்த மூணு புள்ளைகளும் பாஸா சார்?"

"எல்லாருமே பாஸும்மா. அதான் போட்டிருக்கே, நூத்துக்கு நூறு."

அறிவியல் டீச்சர் குனிந்து தரையைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க டீச்சர்."

"அவங்க எழுதலைம்மா. உங்க மக போன மறு வாரமே பேரை எடுத்துட்டாங்க. ஒருத்தி திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டா. மத்த ரெண்டு பேரும் வீட்டுல இருக்காங்க."

"அவங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார் அவர். "அடுத்த தடவை தனியா எழுதிக்கலாம்."

"மூணு பேரையும் மேடையில உக்கார வைங்க சார். நான் கீழ நின்னு கைதட்டுறேன். இல்லேன்னா எம்மக படத்தை எடுத்துருங்க."

"பிளக்ஸ் அடிச்சாச்சேம்மா. இனிமே எப்படி எடுக்கறது?"

"என்னையவா கேக்குறீங்க? மூணு புள்ளைகள எடுத்தீங்கள்ல, அதே மாதிரி எடுங்க."

அவரே குனிந்து பிளக்ஸைச் சுருட்டினார். காபி வைத்திருந்தேன், இரண்டு பேருமே குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழா நடந்துவிட்டது. நான் போகவில்லை. சாயங்காலம் அறிவியல் டீச்சர் போன் செய்தாள். உன் படம் இருந்த இடத்தில் தலைமையாசிரியர் தன் படத்தை ஒட்டிக்கொண்டாராம். நூறு அப்படியேதான் இருந்ததாம்.

உன் பெரியம்மா என்னைத் திட்டுகிறாள். "செத்த புள்ளைக்கு ஒரு மரியாதை செய்ய வந்தவுகள வெரட்டிவிட்டியேடி. கோவத்தை விடு. உனக்கும் வயசாகுதுல்ல?" என்கிறாள்.

விட முடியவில்லை, பாப்பா. அழுதால் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்து, சோறு வைக்கப் போய்விடுகிறேன். இது அப்படி ஓய்கிறதில்லை. காலையில் எழும்போதே கூட எழுகிறது. அந்தப் பிள்ளைகளின் பெயரை டீச்சரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஊரில் அந்த மூன்று பெயரை இனிமேல் யார் சொல்லப்போகிறார்கள்? இந்தக் கோபம் ஆறிவிட்டால் நானும் அவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்த மாதிரிதான். ஆற வேண்டாம் என்றுதான் இருக்கிறேன்.