பன்னிரண்டாவது நாற்காலி

மாமே,

இன்று பெரிய வியாழன். கோயிலுக்குள் நுழைந்ததும் பன்னீர் வாசனை. பாதம் கழுவும் தண்ணீரில் கலந்திருந்தார்கள். போன ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனபோது உன் பெட்டிமேல் தெளித்ததும் இதே பன்னீர்தான். அன்றைக்கு எனக்கு அழுகையும் வரவில்லை, ஜோக்கும் வரவில்லை. இன்னும் அப்படியேதான் இருக்கிறேன்.

நம் கொரட்டூர் கோயிலில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். அப்போதெல்லாம் பெயர் வாசித்துத்தான் உட்காரவைப்பார்கள். இயேசு சீடர்களுக்குக் கால் கழுவியதுபோல ஃபாதர் கழுவுவார். சீடர்கள் மீன் பிடித்தவர்கள். நம் ஆட்கள் கமிட்டி பிடித்தவர்கள். வீட்டிலேயே கால் கழுவி, பவுடர் போட்டு வருவார்கள். "கழுவுன காலை இன்னாத்துக்கு மறுபடி கழுவுறாங்கோ?" என்று கேட்டாய்.

நாம் பத்தாவது படித்த வருஷம். கடைசி நாற்காலிக்காரரிடம் போய், "அங்கிள், உங்க கார் கேட்டை மறிச்சிகினு கீது" என்றேன். ஓடினார். நீ உட்கார்ந்தாய். தண்ணீர் கேன் போட்டுவிட்டு நேராக வந்த கால். செருப்பு வார் இருந்த இடம் மட்டும்தான் சுத்தம்.

அவர் திரும்பி வந்துவிட்டார். "டேய், எழுந்திரு. இது உன் இடமா?"

நீ பாதி எழுந்துவிட்டாய். எல்லோர் முன்னாலும் உன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். முழங்காலிட்டிருந்த ஃபாதர் உன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார்.

"உட்காருப்பா. இன்னும் கழுவலையே."

"கூசுது ஃபாதர்!" என்று நீ கத்தியதில் பாடகர் குழுவே சிரித்துவிட்டது. தண்ணீர் கறுத்தது. மற்றவர்களுக்குத் துடைத்த துண்டாலேயே துடைத்து, மற்றவர்களுக்குப் போலவே குனிந்து முத்தமிட்டார்.

வெளியே வந்து சொன்னாய்: "கடவுள் முகம் பாக்க மாட்டாருன்றது மெய்தான் மாமே. காலைத்தான் பாக்குறாரு."

அடுத்த வருஷத்திலிருந்து பெயர் வாசிப்பது நின்றுவிட்டது. யாரும் உட்காரலாம். இன்று பூக்கார அக்கா உட்கார்ந்தார், பக்கத்திலேயே கார் அங்கிள். கடைசி நாற்காலிக்கு மட்டும் யாரும் போகவில்லை. என்னைப் பார்த்தார்கள். போய் உட்கார்ந்தேன்.

தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது என்பாய். எனக்குச் சில்லென்றும் இல்லை.

"கூசலையா?" என்று ஃபாதர் மெதுவாகக் கேட்டார்.

எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவன் நான். "இல்ல ஃபாதர்" என்றேன். துடைத்த பிறகும் அவர் கொஞ்ச நேரம் காலை விடவில்லை.

உன் லைனில் இப்போது நான்தான் கேன் தூக்குகிறேன். சம்பளம் உன் அம்மா கைக்குப் போகிறது. இன்றும் கடைசி கேனைப் போட்டுவிட்டு நேராகத்தான் வந்தேன்.

தண்ணீர் கறுத்தது, மாமே.