லைன் தெளிந்த பிறகு

2021 செப்டம்பர் 5, ஞாயிறு

இன்றும் வீடியோ காலில் படம் அப்படியே நின்றுவிட்டது. என் புருஷன் ரூபேந்திரனுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. பெருந்தொற்றால் எல்லையை அடைத்தாலும் மற்றவர்கள் புருஷனின் குரலையாவது கேட்கிறார்கள். எனக்கு அவர் கை அசைந்தால்தான் பேச்சு. எல்லைக்கு அப்பால் சிங்கப்பூரில் மரச்சாமான் பட்டறை வேலை. போன வருஷம் போனவர் திரும்பி வர வழியில்லை. “நல்லாத்தான் இருக்கேன். லைன்தான் சரியில்ல” என்று பிறகு எழுதி அனுப்பினார்.

செப்டம்பர் 19

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றால் லைன் கொஞ்சம் கிடைக்கிறது. இடது கையால் மட்டும் பேசினார். வலது கையில் போனைப் பிடித்திருக்கிறார் போல. எதன் மேலாவது சாய்த்து வைத்தால் என்ன? கேட்பதற்குள் போய்விட்டது.

அக்டோபர் 11

எங்கள் கடைக்குச் சாமான் வாங்க டவர் வேலை ஆட்கள் வந்தார்கள். லோகேஸ்வரன் என்று ஒரு தமிழ்ப் பையன்.

“வருஷக் கடைசியில 3ஜி-யை நாடு முழுக்க மூடுறாங்கக்கா. நம்ம பெக்கோக் ஊர் டவர்ல இருக்கிற பழசைக் கழட்டிட்டு 4ஜி மாட்டுறோம். அப்புறம் படம் நிக்காது லா.”

“விரல் அசையறது தெரியுமா?”

“நகமே தெரியும்க்கா!”

கொழுந்தன் செல்வாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “அலமாக், இப்பவேவா அண்ணி?” என்று திடுக்கிட்டான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

அக்டோபர் 20

டவரை நிறுத்தி வேலை செய்கிறார்கள். லைன் கொஞ்சம்கூடக் கிடைக்கவில்லை.

அக்டோபர் 23

வந்துவிட்டது. வீட்டுக்குள்ளேயே, அடுப்படியில் நின்றபடியே அவரைப் பார்த்தேன். எவ்வளவு இளைத்துவிட்டார்! போன் மேசையில் சாய்ந்திருந்தது. ஆனாலும் இடது கையால்தான் பேசினார். அப்படியானால் வலது கை?

காட்டுங்க என்று சைகை செய்தேன். தலையை ஆட்டினார். போன் சரிந்தது. பிடிக்க வலது கை வந்தது.

கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும்.

கத்தினேன். கத்தி என்ன செய்ய — அவருக்கா கேட்கப் போவுது?

அக்டோபர் 24

செல்வா அழுதான். “ஆகஸ்ட்லயே அண்ணி. மரம் அறுக்கிற மெஷின்ல. அவளால வந்து பார்க்கவும் முடியாது, சொல்லிடாதேன்னு அண்ணன் எழுதியிருந்தாரு. லைன் மோசமா இருக்கிற வரைக்கும் தெரியாதுன்னு...”

இவ்வளவு நாள் டவரைத் திட்டிக்கிட்டு இருந்தேனே! வலி தாங்காம அங்க ஒத்தையில கிடந்திருக்காரு. தண்ணி எடுத்துக் குடுக்கக்கூட நான் இல்ல.

நவம்பர் 8

பல சொற்களுக்கு அந்த விரல்கள் வேண்டும். பாதியில் விட்டுவிடுகிறார். இடது கையால் சொல்லுங்க, நான் பழகிக்கிறேன் என்றேன். திரையை அணைத்துவிட்டார்.

நவம்பர் 30

எல்லையைத் திறந்துவிட்டார்கள். அடுத்த வாரப் பேருந்தில் அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

டிசம்பர் 7

லார்க்கின் பேருந்து நிலையம். கையைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே இறங்கினார். நான்தான் வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டேன். வீடு வரும்வரை விடவில்லை. அவரும் இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டிசம்பர் 19

செல்வாவிடம்கூடக் கையால் பேசுவதில்லை.

2022 ஜனவரி 9, ஞாயிறு

பசியாறும்போது என் போன் அதிர்ந்தது. “தோசை போதும்” என்று வந்திருந்தது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவர் அனுப்பியது.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையால் கேட்டேன்: இன்னும் ஒண்ணு வைக்கட்டுமா?

அவர் நிமிரவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போனை எடுத்து அதையே எழுதி அனுப்பினேன். உடனே போய்ச் சேர்ந்தது.