நாலாவது சர்வர்

ஜூன் 3, செவ்வாய்

மருத்துவமனையின் கணினி அமைப்பு காலையில் மறுபடி படுத்துக்கொண்டது. செத்துவிடவில்லை, செத்திருந்தால் எழுப்பிவிடலாம். ஊர்கிறது. அதன் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்வது நான். அங்கே டோக்கன் கவுன்டரில் உட்கார்ந்து திட்டு வாங்குவது என் சொந்த அக்கா. இருவரும் ஒரே வீட்டில் சாப்பிடுகிறோம். புகார் சூடு ஆறாமல் வந்து சேர்கிறது.

“பட்டனைத் தட்டிட்டு, எதிர்ல நின்ன அம்மாவோட மருமக கதை முழுக்கக் கேட்டு முடிச்சுட்டேன்டி. டோக்கன் அப்பவும் வரல.”

ஜூன் 4, புதன்

எங்கள் மேனேஜருக்கு ஆபீஸில் ‘ஸ்லைடு’ என்று பெயர். எதைக் கேட்டாலும் திரையில் படம் போட்டுத்தான் பதில். இன்றைய படம்: ஒரே தரவைப் பகிர்ந்து வேலை செய்யும் மூன்று சர்வர்கள், பக்கத்தில் பச்சை நிறத்தில் நாலாவது.

“பாரம் அதிகமானா இன்னொரு ஆள் கை கொடுக்கணும். அவ்வளவுதாம்மா.”

“இருக்கற மூணும் பாதி நேரம் சும்மா நிக்குது சார். எதுக்காக நிக்குதுன்னு முதல்ல பார்க்கலாமே.”

“பாருங்க. அதுக்குள்ள நாலாவது வந்துடும்.”

ஜூன் 6, வெள்ளி

வந்துவிட்டது. புது மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு உபசாரம் நடக்காது.

ஜூன் 9, திங்கள்

முன்னைவிட மோசம். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார். தண்ணீர் தெளித்ததும் எழுந்துவிட்டாராம். ஆனாலும்...

“அவர் கீழ கிடக்கறார், உன் மிஷினு அப்பவும் சுத்திட்டே இருக்கு” என்றாள் அக்கா.

நானா அதை வாங்கச் சொன்னேன்? வேணாம்னுதானே சொன்னேன். யார் காதுல விழுந்தது?

ஜூன் 10, செவ்வாய்

நெரிசல் உச்சத்தில் இருந்தபோது, எந்த வேலை எதற்காகக் காத்து நிற்கிறது என்பதை மட்டும் பார்த்தேன். டிஸ்குக்காக யாரும் நிற்கவில்லை. பிராசஸர் ஈ ஓட்டுகிறது. எல்லோரும் நிற்பது ஒரே ஒரு பக்கத்துக்காக!

டோக்கன் எண் ஏறுவரிசையில் போகிறது. அதனால் புது டோக்கன் எல்லாமே, எண்களைத் தேட வைத்திருக்கும் அட்டவணையான இன்டெக்ஸின் கடைசிப் பக்கத்தில்தான் எழுதப்பட வேண்டும். அந்தப் பக்கத்தில் எழுத, அது ஒரு நேரத்தில் ஒரு சர்வரின் கையில்தான் இருக்க முடியும். கொடு — இரு — கொடுடா — இருடா. எழுதும் நேரத்தைவிடக் கைமாற்றும் நேரம்தான் அதிகம்.

ஒரே ஒரு குளியலறை உள்ள வீட்டில், காலை வரிசையைக் குறைப்பதற்காக இன்னொரு விருந்தாளியைக் கூப்பிட்டிருக்கிறோம்.

ஜூன் 11, புதன்

ஸ்லைடிடம் சொன்னேன். “டோக்கன் வேலை முழுக்க ஒரே சர்வருக்குப் போகட்டும் சார். மத்ததெல்லாம் அதைத் தொடவே கூடாது.”

“அப்ப நாலாவது?”

“ரிப்போர்ட் எடுக்கட்டும்.”

“புதுசா ஒண்ணு வாங்கிட்டு, ஒத்தை சர்வர்ல ஓட்டறோம்னு மேல எப்படிச் சொல்றது?”

“கவுன்டர் பக்கம் ஒரு நாள் வாங்க சார். எப்படிச் சொல்லணும்னு எங்க அக்கா சொல்லிக் கொடுப்பா.”

வாயை விட்டாயிற்று. வேலை போச்சு என்று நினைத்தேன். அவர் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு ஒரு காலைதான். சொதப்பினா நீங்கதான் பதில் சொல்லணும்.”

படம் இல்லாமல் அவர் பேசி இன்றுதான் கேட்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

கூட்டம் சேரும் முன்பே மாற்றிவிட்டேன். கூட்டம் வந்தது, காத்திருப்பு வரவில்லை. காத்திருப்பைக் காட்டும் அளவி பழுதோ என்று சந்தேகப்பட்டு அதையும் சோதித்தேன். பழுதில்லை.

புது எண்கள் பல பக்கங்களில் பிரிந்து விழும்படி இன்டெக்ஸையே மாற்ற ஞாயிறன்று அனுமதி. அதன் பிறகு நாலு சர்வரும் சண்டையில்லாமல் எழுதலாம். மேலிடத்துக்கு ஸ்லைடு அனுப்பிய படத்தின் தலைப்பு: ‘திட்டமிட்ட வேலைப் பங்கீடு’. போகட்டும், அவரும் பிழைக்க வேண்டுமே.

ஜூன் 16, திங்கள்

நேற்று இன்டெக்ஸை மாற்றியாயிற்று. இன்று வேலை நேரத்தில் அக்காவின் போன். பயந்துகொண்டே எடுத்தேன்.

“என்னை ஒருத்தரும் திட்டலடி. எல்லாரும் டாக்டரைத் திட்டறாங்க. டோக்கன் கொடுத்து முடிச்சு உட்கார்ந்திருக்கோம், அவர் இன்னும் வரல. அவருக்கு ஏதாவது பண்ண முடியுமா?”